ரொக்கமா, தவணையா? – குடும்பச் செலவில் கடனுக்குரிய இடம்

(மைய அரசு அலுவலர்களுக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்தியாவில் ஒரு ஸ்கூட்டர் வாங்க விரும்பியவர் முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டுகளில் பஜாஜ் ஸ்கூட்டருக்கு முன்பதிவு செய்தவர்களின் பட்டியல் நீண்டு கிடந்தது. தந்தை பதிவு செய்த வண்டியை மகன் ஓட்டினான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 மோட்டார் வண்டி வெளிவந்தபோதும் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பதே முறையாயிருந்தது. அன்றைய நடுத்தரக் குடும்பத்தின் முன் 'ரொக்கமா, தவணையா?' என்ற வினா எழவே இல்லை எனலாம். பொருளின் பற்றாக்குறையே அதற்கு விடை கூறிவிட்டது. காத்திருக்கும் காலத்தில் பணம் தானே சேர்ந்தது.

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. பொருள் கடையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. விற்பனையாளரின் மேசைக்கருகிலேயே கடன் வழங்கும் நிறுவனத்தின் முகவர் அமர்ந்திருக்கிறார். விலைச் சீட்டில் பொருளின் விலையைக் காட்டிலும் மாதத் தவணைத் தொகை பெரிய எழுத்தில் அச்சிடப்படுகிறது. கைப்பேசியின் திரையில் சில நிமிடங்களில் கடன் ஒப்புதலாகிவிடுகிறது. முன்பு கடையும் ஆலையும் விதித்த காத்திருப்பை இன்று குடும்பம் தானே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டியுள்ளது. இஃது எளிதான செயலன்று. ஆதலின் இவ்வினா இன்று ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் உண்மையான வினாவாக எழுந்து நிற்கிறது.

இங்கு ரொக்கம் எனப்படுவது நாணயத்தாளை மட்டும் குறிப்பதன்று. 2017 ஏப்ரல் முதல் 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேற்பட்ட தொகையோ ஒருவரிடமிருந்து ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்துள்ளது. வங்கிக் கணக்கின் வாயிலாகவோ காசோலையாகவோ, எவ்வகையிலேனும் முழு விலையையும் சொந்தப் பணத்திலிருந்து ஒரே முறையில் செலுத்துவதே ரொக்கக் கொள்முதல் என்று இங்குக் கொள்ளப்படுகிறது.

தையல் எந்திரமும் தவணையும்

தவணை முறை இந்நாட்டிற்குப் புதிதன்று. அமெரிக்காவில் சிங்கர் நிறுவனம் 1856ஆம் ஆண்டளவிலேயே தையல் எந்திரங்களைத் தவணையில் விற்கத் தொடங்கிற்று. பின்னர் இந்தியாவிலும் அந்நிறுவனம் அதே முறையைக் கைக்கொண்டது. கடைத்தெருவின் ஓரத்தில் அமர்ந்து துணி தைத்த எளிய தையற்காரர் முழு விலையையும் ஒருங்கே தரவியலாதவர்; ஆனால் எந்திரம் நாள்தோறும் ஈட்டித்தந்த கூலியிலிருந்து மாதந்தோறும் ஒரு பகுதியை அவரால் கொடுக்க முடிந்தது. தவணைக் கடனுக்கு இதனைவிட நேர்த்தியான நியாயம் வேறில்லை. வாங்கிய பொருளே தன் விலையைத் தானே ஈட்டிக்கொடுத்தது.

இதனைக் கணக்கிட்டுக் காண்பது எளிது. 30,000 ரூபாய் விலையுள்ள ஒரு தொழில்முறைத் தையல் எந்திரம் மாதம் 800 ரூபாய் கூடுதல் நிகர வருவாய் தருவதாகக் கொள்ளலாம். அதனை ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில், குறையும் அசலின்மீது, 12 மாதத் தவணைக் கடனில் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 2,708 ரூபாய். செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 32,490 ரூபாய். அதே தொகையை 6 விழுக்காடு வட்டி தரும் தொடர் வைப்பில் சேர்த்து ஓராண்டு கழித்து வாங்கினால் மாதம் ஏறத்தாழ 2,420 ரூபாய் போதும். கையிலிருந்து போவது 29,040 ரூபாய் மட்டுமே. வேறுபாடு சுமார் 3,450 ரூபாய். ஆனால் காத்திருந்த ஓராண்டில் இழந்த வருவாய் 9,600 ரூபாய். ஆகவே தையற்காரர் கடன் வாங்குவதே அறிவுடைமை. சேமித்து வாங்க வேண்டும் என்று அவருக்கு அறிவுரை கூறுவோர் அவருக்குத் தீங்கே செய்கின்றனர்.

இப்போது அதே 30,000 ரூபாயில், அதே நிபந்தனைகளில், ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டியை எண்ணிப் பார்க்கலாம். அது வருவாய் எதனையும் தருவதில்லை. 3,450 ரூபாய் என்பது ஓராண்டு முன்னதாகப் பார்ப்பதற்குக் கொடுக்கும் விலை. ஒரு குடும்பம் அவ்விலையை அறிந்தே கொடுக்க விரும்பினால் அதனைக் குற்றமென்று கூறவியலாது. கொடுக்கும் விலை இன்னதென அறியாமலே கொடுப்பதுதான் பெரும்பாலும் நேர்வது. ஓராண்டில் பொருளின் விலை 6 விழுக்காடு ஏறினால் சேமிப்பவர் 31,800 ரூபாய் சேர்க்க வேண்டும். அப்போது வேறுபாடு சுமார் 1,700 ரூபாயாகக் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆயினும் மின்னணுப் பொருள்களில் ஓராண்டு காத்திருந்தவர் அதே விலையில் மேம்பட்ட பொருளைப் பெறுவதே பல வேளைகளில் காணப்படுவது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பொருள்களும் உள. வீட்டில் இன்சுலின் மருந்தைப் பாதுகாக்க வேண்டிய நோயாளிக்கு ராஜஸ்தானத்துக் கோடையில் குளிர்சாதனப் பெட்டி நுகர்பொருள் அன்று, மருத்துவச் சாதனம். பேருந்து வசதியற்ற ஊரிலிருந்து பணிக்குச் செல்பவரின் இருசக்கர வண்டியும் இத்தகையதே. பொருளின் பெயரைக் கொண்டு உற்பத்திக் கடன், நுகர்வுக் கடன் எனப் பிரிக்கும் பாடநூல் வழக்கம் இங்குப் பயன் தருவதில்லை. குறிப்பிட்ட அந்தக் குடும்பத்தில் அப்பொருள் என்ன செய்கிறது என்பதே கேட்கத்தக்கது.

வட்டியின் பல முகங்கள்

தவணையில் வாங்குவோர் பெரும்பாலோர் கேட்பது 'மாதம் எவ்வளவு?' என்ற ஒரே வினாவைத்தான். இவ்வொரு வினாவைச் சுற்றியே விற்பனைக் கலை முழுவதும் கட்டப்பட்டுள்ளது.

முதலாவது, அசல் குறைந்தாலும் குறையாத வட்டி. சந்தையில் இதனை 'ஃப்ளாட் வட்டி' என்பர். 60,000 ரூபாய் கடனுக்கு 12 விழுக்காடு ஃப்ளாட் வட்டியில் இரண்டாண்டு தவணை என்றால், வட்டி 14,400 ரூபாய். மொத்தம் 74,400 ரூபாய். மாதத் தவணை 3,100 ரூபாய். கேட்பதற்கு 12 விழுக்காடு மிதமானதாகவே தோன்றும். ஆனால் முதல் மாதம் முதற்கொண்டே அசல் குறைந்து வருகிறது. கடைசி மாதங்களில் கடனாளியிடம் உள்ள அசல் சில ஆயிரமே. அப்போதும் அவர் 60,000 ரூபாய்க்கே வட்டி கட்டுகிறார். குறையும் அசலின்மீது கணக்கிட்டால் அவர் கொடுக்கும் உண்மை வட்டி ஆண்டுக்கு 21 விழுக்காட்டிற்கும் அதிகம். 14 விழுக்காடு குறையும் வட்டியில் கடன் தர முன்வரும் வங்கியை விட்டு, 12 விழுக்காடு ஃப்ளாட் வட்டிக்காரரை நாடிச் செல்பவர் சிக்கனம் செய்வதாக எண்ணியே செல்கிறார்.

இரண்டாவது, வட்டியே இல்லை என்று விளம்பரம் செய்யப்படும் தவணை. 24,000 ரூபாய் விலை குறித்த பொருளுக்கு மாதம் 2,000 ரூபாய் வீதம் 12 தவணைகள், வட்டி இல்லை, பரிசீலனைக் கட்டணம் 500 ரூபாய் மட்டும் என்று ஒரு கடையில் கூறுவதாகக் கொள்ளலாம். அதே கடையில் முழுத் தொகையும் உடனே தருபவருக்கு 1,500 ரூபாய் தள்ளுபடி உண்டு. அப்படியாயின் பொருளின் உண்மை விலை 22,500 ரூபாய். தவணைக்காரர் தொடக்கத்தில் 500 ரூபாய் கட்டிவிடுவதால் அவர் பெற்ற கடன் 22,000 ரூபாய். அதற்காக அவர் திருப்பித் தருவது 24,000 ரூபாய். இதன் ஆண்டு வட்டி 16 விழுக்காட்டிற்குச் சற்று மேல். வட்டி என்ற சொல் மட்டுமே அங்கு இல்லை. கடன் அட்டையின் வாயிலாக இத்தவணை அமைந்தால், வட்டியாகக் கணக்கிடப்படும் பகுதியின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் சேரும். ஏனெனில் மற்றக் கடன்களின் வட்டிக்கு உள்ள வரிவிலக்கு கடன் அட்டை வட்டிக்கு இல்லை.

பாரத ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் 17ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கையில், வட்டியில்லாக் கடன் என ஒன்று இருப்பதற்கில்லை என்றும், பரிசீலனைக் கட்டணம் முதலிய பெயர்களில் வட்டி மறைக்கப்படுகிறது என்றும் வங்கிகளுக்கு எடுத்துக்காட்டிற்று. அதன்பின் பெயர் மாறிற்று; உற்பத்தியாளரோ வணிகரோ வட்டிப் பகுதியைத் தள்ளுபடியாக ஏற்பதாக அமைப்பும் மாறிற்று. தள்ளுபடி உண்மையாகவே உற்பத்தியாளரால் ஏற்கப்பட்டு, ரொக்கமாக வாங்குபவருக்கும் அதே விலைதான் என்றால், தவணையில் வாங்குவது ஊதியமே. அத்தகைய வாய்ப்புகளும் பண்டிகைக் காலங்களில் இல்லாமலில்லை. 'ரொக்கமாகத் தந்தால் விலை என்ன?' என்று கடையில் ஒரு முறை கேட்டுவிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். தவணைக்கென மனம் உறுதி செய்தவரும் இதனைக் கேட்பது நன்று.

மூன்றாவதான கடன் அட்டைபற்றி ஒரு கணக்கே போதும். நிலுவை முழுவதையும் கெடு நாளுக்குள் செலுத்துபவருக்கு அட்டையைப்போல் மலிவான கடன் இல்லை. அது இலவசக் கடன். செலுத்தத் தவறியவருக்கு அதனைப்போல் விலையுயர்ந்த கடன் முறையான சந்தையில் அரிது. மாதத்திற்கு 3½ விழுக்காடு எனக் கொண்டால் 15,000 ரூபாய் நிலுவைக்கு வட்டி 525 ரூபாய்; அதன்மீது வரி 94 ரூபாய் 50 காசு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திக் கடன் அடைகிறது என்று நிம்மதி கொள்பவரின் பணத்தில் பெரும்பகுதி இவற்றுக்கே போய்விடும். இவ்வட்டிக்கு ஆண்டிற்கு 30 விழுக்காடு என்ற வரம்பினைத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் விதித்தது. அத்தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. வட்டி வீதத்தை நெறிப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் அதிகாரத்திற்கு உட்பட்டது என்பதே அதன் கருத்து. பழைய இந்து சட்டத்தில், எந்நேரத்திலும் வட்டி நிலுவை அசலை விஞ்சலாகாது என்ற 'தாம்துபட்' விதி இருந்தது. பம்பாய் மாகாணத்து நீதிமன்றங்கள் அதனை ஏற்று நடத்தின. வங்கிச் சட்டங்களின் காலத்தில் அவ்விதிக்கு இடமில்லாமற் போயிற்று.

ரொக்கத்தின் குறைகள்

ரொக்கமே எந்நிலையிலும் சிறந்தது என்று கருதுவோர் உளர். மூத்த தலைமுறையினரிடம் இக்கருத்து வலுவாக உள்ளது. அதிலும் ஒரு பிழை மறைந்திருக்கிறது. வங்கியிலிருந்த 70,000 ரூபாயில் 65,000 ரூபாயை எடுத்து ஸ்கூட்டர் வாங்கியவர் வட்டி எதுவும் கட்டவில்லை. இரண்டு மாதத்தில் வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அவர் தெரு முனையிலுள்ள வட்டிக்காரரிடம் மாதத்திற்கு 5 விழுக்காடு வட்டியில் கடன் பெறுகிறார். வண்டிக்கு 10 அல்லது 11 விழுக்காட்டில் கிடைத்திருக்கக்கூடிய கடனைத் தவிர்த்தவர், மருத்துவத்திற்கு 60 விழுக்காட்டில் கடன் வாங்குகிறார். பொருளுக்குக் கிடைக்கும் கடன் மலிவானது. ஏனெனில் பதிவுச் சான்றில் கடன் குறிப்பு ஏறியிருப்பதால் வண்டியே ஈடாக நிற்கிறது. நோய்க்குக் கிடைக்கும் கடனுக்கு ஈடு இல்லை, நேரமும் இல்லை. ஆகவே ரொக்கமாக வாங்கிய பின்னும் குறைந்தது மூன்று மாதக் குடும்பச் செலவுக்கான தொகை கையிலிருக்குமாயின் மட்டுமே ரொக்கம் தக்கது. அவ்வாறு இல்லையெனில் ஒரு பகுதி ரொக்கமும் ஒரு பகுதி கடனுமாக வாங்குவதே பொருத்தம்.

முன்கூட்டிப் பணம் சேர்த்து வாங்கும் பழைய வழிகளும் நாட்டில் நிலைத்துள்ளன. தில்லிப் பகுதியில் 'கமிட்டி' என்றும், மகாராட்டிரத்திலும் குஜராத்திலும் 'பீசி' என்றும், தெற்கே சீட்டு என்றும் இவை வழங்கும். பதிவு பெற்ற சீட்டுகள் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிகள் சட்டத்திற்கு உட்பட்டவை. 1969இல் நிறுவப்பட்ட கேரள அரசின் நிதி நிறுவனம் இத்துறையில் அரசே இறங்கியதற்கு எடுத்துக்காட்டு. சீட்டைத் தொடக்கத்திலேயே எடுப்பவர் கடனாளி. இறுதியில் எடுப்பவர் சேமிப்பாளர். ஒரே ஏற்பாட்டிற்குள் இருவருக்கும் இடமிருப்பதே இதன் சிறப்பு. பதிவில்லாத சீட்டில் நடத்துபவரின் நாணயம் ஒன்றே பாதுகாப்பு என்பதை மறத்தலாகாது. நகைக் கடைகளின் மாதாந்தரத் திட்டங்கள் பெரும்பாலும் பதினொரு தவணைகளோடு நின்றுவிடுவதற்கும் காரணம் உண்டு. 2014ஆம் ஆண்டின் விதிகளின்படி, பொருளுக்கென வாங்கிய முன்பணம் 365 நாள்களுக்குள் ஈடு செய்யப்படாவிட்டால் அது பொதுமக்களின் வைப்புத்தொகையாகக் கருதப்படும். இவற்றில் பணம் கட்டுபவர் கடைக்காரருக்குக் கடன் கொடுப்பவர் ஆகிறார் என்பதைப் பலர் உணர்வதில்லை.

மனம் கணக்கிடும் வகை

பொருளியலாளர் பிராங்கோ மொடிக்லியானி வகுத்த வாழ்க்கைச் சுழற்சிக் கொள்கையின்படி, மனிதன் வாழ்நாள் முழுவதற்குமான வருவாயை எண்ணிச் செலவை ஒழுங்குபடுத்துகிறான். இளமையில் கடன் பெறுகிறான், நடுவயதில் அடைத்துச் சேமிக்கிறான், முதுமையில் அச்சேமிப்பைச் செலவிடுகிறான். இதன்படி பணியில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் கடன் வாங்குவது இயல்பே. ஆயினும் இக்கொள்கையில் வரும் மனிதன் கணக்கில் பிழை செய்வதில்லை. கடைத்தெருவில் காணும் மனிதன் செய்கிறான். 1998இல் பிரெலக், லோவன்ஸ்டைன் என்ற அறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கு நினைவுகூரத் தக்கது. சுற்றுலாவுக்கு முன்பே பணம் கட்டிவிட விரும்பும் மக்கள், துணி துவைக்கும் எந்திரத்திற்குப் பயன்படுத்தும் காலத்திலேயே தவணையாகக் கட்ட விரும்பினர். பொருள் பயன் தந்துகொண்டிருக்கும் வரை தவணை உறுத்துவதில்லை. பயன் முடிந்தபின் வரும் தவணையே கசக்கிறது. திருமணத்திற்கும் சுற்றுலாவிற்கும் பெற்ற கடன்கள் ஏன் இத்துணைக் கசப்பைத் தருகின்றன என்பதற்கு இதில் விளக்கம் உள்ளது. பிரெலக் மற்றோர் அறிஞருடன் 2001இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச் சீட்டுகளை ஏலம் விட்டபோது, கடன் அட்டையில் பணம் தரலாம் எனப்பட்டவர்கள் ரொக்கமாகத் தர வேண்டியவர்களைக் காட்டிலும் இருமடங்கு வரை கேட்டனர். பணம் கையை விட்டுப் போகும்போது உண்டாகும் சிறு வலி ஒரு காவல். தவணை அந்தக் காவலை அகற்றிவிடுகிறது.

பஞ்சாபில் பணியாற்றிய ஆட்சியாளர் மால்கம் டார்லிங் 1925இல் வெளியிட்ட நூலில் இன்றும் வியக்கத்தக்க ஓர் உண்மையைக் காட்டினார். வறுமை மட்டுமன்றி வளமும் கடனைப் பெருக்குகிறது என்பதே அது. நிலத்தின் மதிப்பு ஏற ஏற உழவர்க்குக் கடன் பெறும் தகுதி ஏறிற்று. தகுதி ஏறியதும் கடனும் ஏறிற்று. இன்று நிலத்தின் இடத்தில் மாத ஊதியச் சீட்டும், 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கடன் தகவல் நிறுவனம் தரும் மதிப்பெண்ணும் உள்ளன. வேறுபாடு அவ்வளவே.

ஒரு குடும்பத்தின் கணக்கு

நாகபுரியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளலாம். பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் ஊதியம் 45,000 ரூபாய். வாடகை, உணவு, பள்ளி, போக்குவரத்து ஆகியவற்றுக்கு 33,000 ரூபாய் போக மீதி 12,000 ரூபாய். பணிக்குச் செல்ல மோட்டார் சைக்கிள்: தவணை 3,100 ரூபாய். அதே மாதத்தில் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்குமாக 3,500 ரூபாய், 18 மாதங்களுக்கு. மொத்தம் 6,600 ரூபாய். தனித்தனியே பார்த்தால் எதுவும் தாங்க முடியாததன்று. கடன் கொடுத்த ஒவ்வொரு நிறுவனமும் அவ்வாறே கருதிற்று. மீந்த 5,400 ரூபாய் விருந்தினர், பண்டிகை, பழுது எனக் கரைந்துவிடுகிறது.

பன்னிரண்டாம் மாதத்தில் மகளுக்கு அறுவைச் சிகிச்சை. காப்பீட்டில் அடங்காத செலவு 80,000 ரூபாய். சேமிப்பு இல்லை. 24 விழுக்காடு வட்டியில் இரண்டாண்டுத் தனிநபர் கடன். தவணை 4,230 ரூபாய். இப்போது மாதத் தவணைகளின் கூட்டு 10,830 ரூபாய். மீதி 1,170 ரூபாய். சூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் வருகிறது. அது கடன் அட்டையில் ஏறுகிறது. அதன்பின் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன். குடும்பத்தில் யாரும் ஊதாரிகள் அல்லர்.

தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஓராண்டு ஒத்திவைத்து, அந்த 3,500 ரூபாயை அஞ்சலகத்தில் சேர்த்திருந்தால், வட்டியை விட்டுவிட்டாலும் பன்னிரண்டாம் மாதத்தில் 42,000 ரூபாய் இருந்திருக்கும். எஞ்சிய 38,000 ரூபாய்க்கு மட்டும் கடன். தவணை ஏறத்தாழ 2,010 ரூபாய். வண்டித் தவணையோடு சேர்த்து 5,110 ரூபாய். ஊதியமும் வட்டி வீதமும் நோயும் இரு கணக்குகளிலும் ஒன்றே. மோட்டார் சைக்கிளைக் கடனில் வாங்கியதில் தவறில்லை என்பதும் இதில் காணத்தக்கது. அதன்மீது ஏற்றப்பட்ட இரண்டாவது, மூன்றாவது தவணைகளே குடும்பத்தின் தாங்கும் திறனை உண்டுவிட்டன.

சட்டமும் நெறிமுறையும்

தவணைக் கொள்முதலை முறைப்படுத்த 1972இல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டத்தை இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே இருந்து 2005இல் நீக்கப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஏட்டில் மட்டும் வாழ்ந்த சட்டம் அது. இடைப்பட்ட காலத்தில் தவணை தவறியவரின் வண்டியை நடுத்தெருவில் பறிப்பது சில இடங்களில் வழக்கமாயிற்று. அடியாட்களைக் கொண்டு வண்டிகளைக் கைப்பற்றுவதை உச்ச நீதிமன்றம் 2007இல் கடுமையாகக் கண்டித்தது.

அண்மைக் காலத்தில் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் வலுப்பெற்றுள்ளன. கைப்பேசிச் செயலிகள் வாயிலான கடனுக்கு 2022 செப்டம்பரில் விதிக்கப்பட்ட நெறிகள், கடன் தொகை நேரே கடன் பெறுபவரின் கணக்கிற்கே செல்ல வேண்டும் என்றும், செயலி அவருடைய தொடர்பு எண்களின் பட்டியலைத் துருவலாகாது என்றும் கூறின. உறவினரை எல்லாம் அழைத்து அவமானப்படுத்திக் கடன் தண்டும் கொடுமைக்கு எதிரான விதி இது. 2023 ஆகஸ்டில், தவணை தவறினால் தண்ட வட்டி விதித்து அதன்மீதும் வட்டி ஏற்றுவது தடுக்கப்பட்டது. 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும். எல்லாக் கட்டணங்களும் உள்ளடங்கிய ஆண்டு வீதம் அதில் இடம்பெற வேண்டும். அதில் காட்டாத கட்டணத்தைக் கடன் பெறுபவரின் வெளிப்படையான இசைவின்றி வாங்கலாகாது. அது அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மேலே கண்ட ஃப்ளாட் வட்டியின் மாயமும் பரிசீலனைக் கட்டணத்தின் மறைவும் இவ்வொரு வீதத்தில் வெளிப்பட்டுவிடும். கடையில் அவசரமாக விரலைத் திரையில் வைக்கும் வாடிக்கையாளர் அதனைப் படிப்பாரா என்பது வேறு வினா.

நாட்டு நோக்கில் இதன் மறுபுறமும் உண்டு. தவணைக் கடன் இல்லையேல் இந்நாட்டு வண்டித் தொழிற்சாலைகளும் மின்கருவித் தொழிற்சாலைகளும் இவ்வளவு ஆள்களுக்கு வேலை தந்திரா. ஆனால் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, பெருந்தொற்றுக் காலமான 2020–21இல் நாட்டு உற்பத்தியில் 11 விழுக்காட்டிற்கு மேலிருந்தது, 2022–23இல் ஏறத்தாழ 5 விழுக்காடாக இறங்கியது. அவ்வாண்டில் குடும்பங்கள் புதிதாக ஏற்ற கடன் 5.8 விழுக்காடாக ஏறிற்று. இச்சேமிப்பே அரசும் தொழில்களும் கடன் பெறும் ஊற்று. 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி நுகர்வோர் கடன்களுக்கான இடர் மதிப்பை 100 விழுக்காட்டிலிருந்து 125 விழுக்காடாக உயர்த்தியது. வீட்டுக் கடன், கல்விக் கடன், வாகனக் கடன், தங்க நகைக் கடன் ஆகியவற்றை விலக்கிற்று. எக்கடனைப் பற்றி அது கவலை கொண்டது என்பதை அவ்விலக்குகளே காட்டுகின்றன.

அரசு ஊழியரும் கடனும்

அரசு ஊழியரைப் பொறுத்தவரை இது சொந்த விவகாரமாக மட்டும் நிற்பதில்லை. 1964ஆம் ஆண்டின் மையக் குடிமைப்பணி நடத்தை விதிகளில் 17ஆம் விதி, வழக்கமான கடனாளி நிலைக்கு ஆளாகாதவாறு அரசு ஊழியர் தம் சொந்த அலுவல்களை நடத்திக்கொள்ள வேண்டும் எனப் பணிக்கிறது. 18ஆம் விதியின்படி, இரண்டு மாத அடிப்படை ஊதியத்திற்கு மேற்பட்ட மதிப்புள்ள அசையும் பொருளை வாங்கினால் ஒரு மாதத்திற்குள் தெரிவிக்க வேண்டும். தவணையில் வாங்கினாலும் இதற்கு விலக்கில்லை.

முன்பு அரசே தன் ஊழியர்க்குக் கடன் வழங்குபவராக இருந்தது. மோட்டார் சைக்கிள் முன்பணம், பண்டிகை முன்பணம் எனப் பல இருந்தன. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின் வட்டியுடன் கூடியவற்றில் வீடு கட்டும் முன்பணமும் கணிப்பொறி முன்பணமுமே நின்றன. 2020 அக்டோபரில், பெருந்தொற்றால் தளர்ந்த சந்தைக்கு ஊக்கமாக, 10,000 ரூபாய் சிறப்புப் பண்டிகை முன்பணம் வட்டியின்றிப் பத்துத் தவணைகளில் திருப்பிச் செலுத்துமாறு ஒருமுறை மட்டும் வழங்கப்பட்டது. அதுவே மறைமுகக் கட்டணம் ஏதுமற்ற, உண்மையான வட்டியில்லாத் தவணை.

2004 சனவரிக்கு முன் பணியில் சேர்ந்தோர்க்குப் பொது வருங்கால வைப்பு நிதி உண்டு. நுகர்பொருள்கள் வாங்கவும் நோய்க்கும் அதிலிருந்து முன்பணம் பெறலாம். 2017 மார்ச்சில் இவ்விதிகள் மேலும் எளிமையாக்கப்பட்டன. அங்கு ஊழியர் தம் பணத்தையே தமக்குக் கடனாகத் தருகிறார். அதன்பின் சேர்ந்தோர்க்கு இவ்வசதி இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நோய், கல்வி, திருமணம், வீடு போன்ற குறிப்பிட்ட தேவைகளுக்கே பகுதித் தொகையை எடுக்கலாம். எனவே இளைய ஊழியர் ஒருவருக்குப் பணம் தேவைப்படும்போது அவர் செல்லும் இடம் வெளிச் சந்தைதான். ஓராண்டிற்குள் மூன்றாம் முறையாக ஊதியச் சான்று கேட்டு அவருடைய விண்ணப்பம் வரும்போது, அதில் கையொப்பமிடும் ஊதியம் வழங்கும் அலுவலரே அவர் நிலையை முதலில் அறிய வருகிறார். பிற்காலத்தில் வழக்கு முற்றி, நீதிமன்றத்தின் ஆணைப்படி ஊதியத்தில் முதல் 1,000 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் போக மிகுதி பற்றுகைக்கு உள்ளாகும்போதும் அதே அலுவலர்தான் பிடித்தம் செய்கிறார். சான்று கேட்டு வந்த அந்த நாளில், மேசையின் எதிரே ஒரு நாற்காலியைக் காட்டி அமரச் செய்து, கடன்களின் உண்மை ஆண்டு வீதத்தை ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டுவதற்கு விதி எதுவும் தடையாக இல்லை.